பத்து நிமிட ஓட்டம் வண்டியைக் காப்பாற்றாது

அக்டோபர் பிறந்துவிட்டால் அமெரிக்காவின் வட மாநிலங்களிலும், கனடாவிலும், ஜெர்மனியிலும், பிரிட்டனிலும் டீசல் மோட்டார்ஹோம்கள் ஓய்வுக்குப் போகத் தொடங்குகின்றன. படுக்கை, சமையலறை, குளியலறை எல்லாவற்றையும் சுமந்துகொண்டு கோடை முழுக்க ஓடிய வண்டிகள் அடுத்த ஏப்ரல் வரை கொட்டகையிலோ வீட்டு முற்றத்திலோ நிற்கும். அவற்றின் உரிமையாளர்களிடையே இரண்டு நம்பிக்கைகள் எழுதப்படாத சட்டம்போல் நிலவுகின்றன. வாரம் ஒருமுறை, முடியாவிட்டால் மாதம் ஒருமுறை, எஞ்சினை ஸ்டார்ட் செய்து பத்து நிமிடம் நின்ற இடத்திலேயே ஓடவிட வேண்டும், அப்போதுதான் பேட்டரி ஏறும், எண்ணெய் சுற்றும் என்பது முதலாவது. வசந்தத்தில் வண்டியை எடுக்கும்போது டேஷ்போர்டில் எச்சரிக்கை விளக்குகள் எரிந்தால் அது சென்சாரின் உளறல், பிழைக் குறியீட்டை அழித்துவிட்டு நெடுஞ்சாலையில் ஓட்டினால் சரியாகிவிடும் என்பது இரண்டாவது. இரண்டும் தவறு. அந்த விளக்குகளில் பலவற்றை ஏற்றிவைப்பதே முதல் நம்பிக்கைதான். அவை சொல்லவந்த செய்தியை நாம் கேட்கவிடாமல் செய்வது இரண்டாவது நம்பிக்கை.

இந்த வழக்கம் காரணமில்லாமல் வந்துவிடவில்லை. கார்புரேட்டர் வைத்த பெட்ரோல் எஞ்சினில் எரிபொருள் நாள்பட நின்றால் பிசினாகி நுண்துளைகளை அடைக்கும். அவ்வப்போது ஓடவிடுவதில் அங்கே பொருள் இருந்தது. மோட்டார்ஹோமிலேயே இதற்கு இன்னொரு வேர் இருக்கிறது. பல வண்டிகளில் ஓனான் நிறுவனத்தின் ஜெனரேட்டர் பொருத்தப்பட்டிருக்கும். அதை அதிகம் பயன்படுத்தாவிட்டால் மாதந்தோறும் 2 மணி நேரமாவது ஓட்டும்படி அதன் கையேடு சொல்கிறது. ஆனால் அதே கையேடு, ஜெனரேட்டரின் திறனில் ஏறத்தாழ பாதி அளவுக்குச் சுமை ஏற்றி ஓட்டச் சொல்கிறது. சுமையில்தான் சூடு பிறக்கிறது, சூட்டில்தான் ஈரம் வெளியேறுகிறது. அறிவுரை வாய்வழியாகப் பரவியபோது சுமையும் 2 மணி நேரமும் உதிர்ந்துபோய், ‘மாதம் ஒருமுறை ஓடவிடு’ என்பது மட்டும் மிஞ்சியது. பிறகு அது ஜெனரேட்டரைத் தாண்டி, வண்டியை இழுக்கும் எஞ்சினுக்கும் ஒட்டவைக்கப்பட்டது. கணினியோ கரி வடிகட்டியோ இல்லாத, இயந்திர ஊசிப் பம்பு வைத்த பழைய டீசல் எஞ்சின் இந்தத் தவறைப் பொறுத்துக்கொண்டது. இன்றைய எஞ்சின் பொறுக்காது.

முதலில் பேட்டரிக் கணக்கைப் பார்ப்போம், ஏனென்றால் ஓடவிடுவோர் சொல்லும் முதல் காரணம் அதுதான். சாவியை எடுத்துவிட்டாலும் நவீன வண்டி முழுதாகத் தூங்குவதில்லை. கதவுப் பூட்டு, அலாரம், கணினியின் நினைவகம், பின்னால் பொருத்திய ஜிபிஎஸ் கருவி எல்லாம் சேர்ந்து 50 மில்லி ஆம்பியர் இழுப்பதாக வைத்துக்கொள்வோம். இது சாதாரணமான அளவுதான். ஒரு நாளைக்கு 1.2 ஆம்பியர்-மணி, வாரத்துக்கு 8.4, 30 நாளைக்கு 36. லெட்-ஆசிட் பேட்டரி தானாகவே மெல்ல இறங்குவது இதற்கு மேல். இப்போது வரவைப் பாருங்கள். பத்து நிமிட ஐடிலிங்கில், அதாவது நின்றபடி சுமையின்றி ஓடுகையில், பேட்டரிக்கு 40 ஆம்பியர் போகிறது என்று தாராளமாகவே வைத்துக்கொண்டாலும் ஏறுவது 6.7 ஆம்பியர்-மணி. அதில் ஸ்டார்ட்டர் மோட்டாரும், குளிரில் எஞ்சினைச் சூடேற்றும் குளோ பிளக்குகளும் தின்றதைக் கழித்தால் 5 மிஞ்சலாம். மாதம் ஒருமுறை ஓடவிடுபவர் 36 இழந்து 5 திரும்பப் பெறுகிறார். வாரம் ஒருமுறை ஓடவிடுபவரும் 8.4 இழந்து 5 பெறுகிறார். உறைகுளிரில் பேட்டரி மின்சாரத்தை வாங்கிக்கொள்ளும் வேகம் இன்னும் குறைவு. கடைசி 20 சதவீதம் ஏற எப்போதுமே பல மணி நேரம் ஆகும். எப்படிப் பார்த்தாலும் இந்தக் கணக்கு நஷ்டத்தில்தான் முடிகிறது.

அந்த நஷ்டம்தான் வசந்தத்தில் டேஷ்போர்டில் தெரிகிறது. நன்றாக ஏறிய 12 வோல்ட் பேட்டரி ஓய்வில் 12.6 அல்லது 12.7 வோல்ட் காட்டும்; 12.2 காட்டினால் பாதிதான் இருக்கிறது, 12.0 காட்டினால் கால் பங்கு. பாதி இறங்கிய நிலையில் மாதக்கணக்கில் கிடந்தால் தகடுகளில் சல்ஃபேட் படிகம் இறுகி, பேட்டரி தன் கொள்ளளவையே இழக்கும். அப்படிப்பட்ட பேட்டரி செல்ஃப் அடிக்கும் நொடியில் 9 வோல்ட்டுக்கும் கீழே சரியலாம். அந்தச் சரிவில் கணினிகள் ஒன்றன்பின் ஒன்றாக அணைந்து எழுகின்றன. பிரேக் கணினி எஞ்சின் கணினியைத் தேடிக் காணாமல் ஒரு குறியீட்டைப் பதிகிறது. கியர்பாக்ஸ் கணினி தன் பங்குக்கு இன்னொன்றைப் பதிகிறது. ஏபிஎஸ், ஏர்பேக், எஞ்சின் விளக்குகள் கூட்டமாக எரிவது இதனால்தான். மோட்டார்ஹோமில் இன்னொரு சிக்கலும் உண்டு. எஞ்சினுக்கு ஒரு பேட்டரி, விளக்கு, குளிர்பெட்டி போன்ற வீட்டுத் தேவைகளுக்கு வேறு பேட்டரி என இரண்டு தொகுதிகள் இருக்கும். வெளி மின்சாரத்தில் வண்டியைச் செருகி வைத்தால் வீட்டுப் பேட்டரி ஏறும். இரண்டையும் இணைக்கும் ரிலே இல்லாத வண்டிகளில் எஞ்சின் பேட்டரிக்கு ஒரு துளியும் போகாது. குளிர்காலம் முழுக்கச் செருகியே வைத்திருந்தோம் என்பவரின் வண்டியிலும் எஞ்சின் பேட்டரி இறங்கிக் கிடப்பது இதனால்தான்.

எண்ணெய் சுற்றும் என்ற வாதமும் நிற்காது. 1 லிட்டர் டீசல் எரிந்தால் ஏறத்தாழ 1 லிட்டர் தண்ணீர் ஆவியாகப் பிறக்கிறது; டீசலிலுள்ள ஹைட்ரஜன் காற்றின் ஆக்சிஜனோடு சேர்வதால் வரும் தண்ணீர் அது. பெரிய மோட்டார்ஹோம் எஞ்சின் ஐடிலிங்கில் மணிக்கு 2 அல்லது 3 லிட்டர் குடிக்கும் என்றால், பத்து நிமிடத்தில் கால் லிட்டருக்கும் மேல் தண்ணீர் உருவாகிறது. சாலையில் ஓடும் வண்டியில் அது சூட்டோடு வெளியே போய்விடும். பனியில் நின்றபடி பத்து நிமிடம் ஓடிய எஞ்சினிலோ சைலன்சரும் குழாய்களும் சூடாவதற்குள் எஞ்சின் அணைக்கப்பட்டுவிடும். ஆவியில் ஒரு பகுதி குழாய்க்குள்ளேயே குளிர்ந்து தங்கும். பிஸ்டன் வளையங்களைக் கடந்து கீழே இறங்கும் பகுதி எண்ணெயில் கலந்து அமிலமாகும். அதோடு, குளிர்ந்த எரிப்பறையில் டீசலும் முழுதாக எரிவதில்லை. அமெரிக்காவில் பல பெரிய மோட்டார்ஹோம்களுக்கு எஞ்சின் தரும் குமின்ஸ் நிறுவனத்தின் கையேடுகளே, தேவையில்லாமல் நீண்ட நேரம் ஐடிலிங்கில் விடாதீர்கள் என்று எச்சரிக்கின்றன. கூலன்ட்டின் வெப்பம் 60 டிகிரி செல்சியஸுக்குக் கீழே இருந்தால், எரியாத டீசல் சிலிண்டர் சுவரில் படிந்த எண்ணெயைக் கழுவிவிடும் என்பது அவை தரும் காரணம். எந்த எண்ணெய்ப் படலத்தைக் காப்பதாக நினைத்து உரிமையாளர் சாவியைத் திருகுகிறாரோ, அந்தப் படலத்தைத்தான் அவர் கழுவிக்கொண்டிருக்கிறார்.

புகைக்குழாயில் நடப்பது இன்னும் மோசம். அமெரிக்காவில் 2007 முதல் வந்த விதிகளும் ஐரோப்பாவின் யூரோ 5 விதியும் டீசல் வண்டிகளில் டிபிஎஃப் எனும் கரி வடிகட்டியைக் கிட்டத்தட்டக் கட்டாயமாக்கின. எஞ்சின் கக்கும் கரித்துகளை அது பிடித்து வைத்து, போதிய சூடு கிடைக்கும்போது எரித்துவிடும். கணினி தானே முயன்று நடத்தும் எரிப்புக்கு ஏறத்தாழ 600 டிகிரி செல்சியஸ் வேண்டும். நெடுஞ்சாலையில் சீராக ஓடும்போது அது கைகூடும். முற்றத்தில் நிற்கும் வண்டியில் சுமையற்ற ஐடிலிங் அந்தச் சூட்டின் அருகில்கூடப் போகாது. குளிர்ந்த எஞ்சின் கரியை அதிகம் கக்கும், வடிகட்டி அதைப் பிடிக்கும், எரிப்பதற்குள் எஞ்சின் நிறுத்தப்படும். ஒவ்வொரு முறையும் கரி கூடுகிறதே தவிரக் குறைவதில்லை. இடையில் கணினி எரிப்பைத் தொடங்கிவிட்டால் நிலைமை மேலும் கெடும். சூட்டை உயர்த்துவதற்காகப் பல எஞ்சின்கள் சிலிண்டருக்குள் தாமதமாகக் கூடுதல் டீசலைத் தெளிக்கின்றன. பாதியில் நிறுத்தினால் அதில் ஒரு பகுதி எண்ணெய்த் தொட்டியில் இறங்கும். ஏப்ரலில் எரியும் டிபிஎஃப் விளக்கை நின்ற வண்டியின் நோய் என்கிறார்கள். நின்ற வண்டி கரி கக்குவதில்லை. நின்றபடி ஓடிய வண்டிதான் கக்குகிறது.

ஆட்புளூ என்றும் டெஃப் என்றும் அழைக்கப்படும் யூரியாக் கரைசலைப் பொறுத்தவரை ஓடவிடுவதால் நன்மையும் இல்லை. நைட்ரஜன் ஆக்சைடுகளைக் குறைக்கப் புகைக்குழாயில் தெளிக்கப்படும் இதில் 32.5 சதவீதம் யூரியா, மீதி சுத்திகரித்த தண்ணீர். இது மைனஸ் 11 டிகிரியில் உறையும். தொட்டியின் சூடேற்றி அதை உருக்கிக்கொள்ளும் என்பதால் உறைவது பெரிய கேடில்லை. வெயில்தான் கேடு. இதற்கான ஐஎஸ்ஓ தரவிதியின்படி 25 டிகிரிக்கு மிகாமல் வைத்தால் 18 மாதம் தாங்கும் கரைசல், 35 டிகிரியில் 6 மாதம்தான் தாங்கும். குளிர்காலத்தை அரிசோனாவில் கழித்துவிட்டு, மோட்டார்ஹோமை அங்கேயே நிறுத்தி வடக்கே திரும்பும் முதியவர்கள் பலர். அந்தப் பாலைவனக் கோடையில் வெப்பம் 40 டிகிரியைச் சாதாரணமாகத் தாண்டும். இலையுதிர் காலத்தில் அவர்கள் திரும்பி வரும்போது எரியும் டெஃப் விளக்கு கெட்டுப்போன கரைசலைச் சுட்டக்கூடும். அந்தத் தொட்டியைக் காலிசெய்து புதிதாக நிரப்புவதே அதற்கு மருந்து. இடையில் எத்தனை முறை ஸ்டார்ட் செய்திருந்தாலும் யூரியா புதிதாகியிருக்காது.

இனி இரண்டாவது நம்பிக்கைக்கு வருவோம். குறியீட்டை அழித்தேன், விளக்கு அணைந்தது, ஆகவே கோளாறே இல்லை என்பது அதன் தர்க்கம். விளக்கு எப்படி வேலை செய்கிறது என்று தெரிந்தால் இந்தத் தர்க்கம் உடைந்துவிடும். கணினி பல கோளாறுகளை ஒருமுறை கண்டதும் விளக்கை ஏற்றிவிடுவதில்லை; அடுத்த ஓட்டத்திலும் அதே கோளாறு தெரிந்தால்தான் ஏற்றுகிறது. அதேபோல், தொடர்ந்து மூன்று ஓட்டங்களில் கோளாறு தென்படாவிட்டால் விளக்கைத் தானே அணைக்கிறது. பதிந்த குறியீட்டை எஞ்சின் 40 முறை சூடாகி ஆறும்வரை நினைவில் வைத்திருக்கிறது. அழித்த மறுகணம் விளக்கு எரியாததற்குக் காரணம் கணினி இன்னும் சோதனையை முடிக்காததுதான். அழிப்பவர் குறியீட்டை மட்டும் இழப்பதில்லை. கோளாறு தெரிந்த நொடியில் எஞ்சினின் வேகம், வெப்பம், சுமை என்ன என்று கணினி எடுத்துவைத்த பதிவும் அதோடு போய்விடுகிறது. மெக்கானிக்குக் கிடைத்திருக்கக்கூடிய மிக நல்ல சாட்சி அது. அமெரிக்காவில் 2010 மாடல் ஆண்டையொட்டி வந்த விதிகள், குறியீடு படிக்கும் கருவியால் அழிக்க முடியாத நிரந்தரக் குறியீடுகளைக் கட்டாயமாக்கியதற்கு இந்தப் பழக்கமே காரணம். பிரிட்டனில் 2018 மே முதல், 2008 ஜூலைக்குப் பின் பதிவான டீசல் வண்டியில் எஞ்சின் விளக்கு எரிந்தால் ஆண்டுத் தகுதிச் சோதனையில் தேறாது. சட்டம் இவ்வளவு பொருட்படுத்தும் விளக்கை உளறல் என்று தள்ளுவது சரியல்ல.

சென்சார்களே கெட்டுப்போவது உண்டே என்று கேட்கலாம். உண்டு. 2021-ல் டெஃப் தொட்டிச் சென்சார்கள் பழுதாகி, உலகளாவிய சிப் தட்டுப்பாட்டால் மாற்று கிடைக்காமல், அமெரிக்காவில் பல மோட்டார்ஹோம்கள் மணிக்கு 5 மைல் வேகத்துக்குக் கட்டுப்படுத்தப்பட்டு முடங்கின. கரைசல் நன்றாக இருந்தும் வண்டி நகராத அந்தக் கொடுமைக்கு, அமெரிக்கச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமையின் ஒப்புதலோடு மாற்று மென்பொருள் வந்த பிறகே தீர்வு பிறந்தது. இந்த எடுத்துக்காட்டு என் வாதத்தை வலுப்படுத்துகிறது என்றே நினைக்கிறேன். அங்கே பழுது சென்சாரில்தான் என்பது அளந்தும் சோதித்தும் கண்டறியப்பட்டது. யாரும் ஊகித்துச் சொன்னதல்ல. குறியீடு ஒரு சென்சாரின் பெயரைச் சொன்னால், அந்தச் சென்சாரின் பாதையில் ஏதோ சரியில்லை என்று மட்டுமே பொருள். வோல்ட்டேஜ் இறங்கியிருக்கலாம், இணைப்பில் பச்சை பூத்திருக்கலாம், நிறுத்தி வைத்த வண்டியில் எலி ஒயரைக் கடித்திருக்கலாம், சென்சார் அளக்கும் பொருளே கெட்டிருக்கலாம். இவற்றையெல்லாம் பார்த்துக் கழித்த பிறகுதான் சென்சாரைக் குற்றம்சாட்ட முடியும். குறியீட்டில் வந்த பெயரை வைத்தே பாகத்தை மாற்றுவதும், பெயரைப் பார்க்காமலே அழிப்பதும் ஒரே அவசரத்தின் இரண்டு முகங்கள்.

ஆகவே நின்ற வண்டியின் விளக்குகளைப் படிக்க ஒரு வரிசை வேண்டும். முதலில் நிறம். எண்ணெய் அழுத்தம், சார்ஜ், கூலன்ட் வெப்பம் ஆகியவற்றின் சிவப்பு விளக்கு ஸ்டார்ட் ஆன பிறகும் அணையாவிட்டால் எஞ்சினை உடனே நிறுத்த வேண்டும். இதில் விவாதத்துக்கு இடமில்லை. காற்றுப் பிரேக் உள்ள பெரிய வண்டிகளில் காற்றழுத்த எச்சரிக்கை மட்டும் வேறு வகை; நின்ற நாட்களில் தொட்டியின் காற்று கசிந்திருக்கும், எஞ்சின் ஓடி அழுத்தம் ஏறியதும் அது முறையாக அணையும். அடுத்தது வோல்ட்டேஜ்: எஞ்சின் பேட்டரியை ஓய்விலும், செல்ஃப் அடிக்கும்போதும், ஓடும்போதும் மல்டிமீட்டரால் அளக்க வேண்டும். பேட்டரி பலவீனம் என்றால் அதை முழுதாக ஏற்றாமல் வேறு எந்தக் குறியீட்டையும் நம்பக் கூடாது. மூன்றாவது, எல்லாக் குறியீடுகளையும் எழுதிவைப்பது. பி0562 எனும் குறைந்த வோல்ட்டேஜ் குறியீட்டோடு தொடர்பு அறுந்ததைச் சொல்லும் ‘யு’ வரிசைக் குறியீடுகள் குவிந்திருந்தால் கதை பேட்டரியில் தொடங்குகிறது. பி0087 எரிபொருள் அழுத்தம் போதவில்லை என்கிறது. மாதக்கணக்கில் நின்ற டீசலில் தண்ணீரும் அதில் வளரும் நுண்ணுயிரும் வடிகட்டியை அடைத்திருக்கலாம் என்று அங்கே தேட வேண்டும். பி2463 டிபிஎஃப்பில் கரி மிகுந்துவிட்டது என்கிறது. எழுதிவைத்து, காரணத்தைத் தீர்த்து, அதன்பின் அழித்துவிட்டு ஓட்டிப் பார்க்கலாம். அழிப்பது இந்த வரிசையில் கடைசிப் படி. வழக்கத்திலோ அதுவே முதல் படியாகிவிட்டது.

ஓடவிடுவோரின் வலுவான மறுப்பு ஒன்று மிச்சம் இருக்கிறது: அசையாமல் கிடந்தால் ரப்பர் சீல்கள் காயும், உள்ளே துரு ஏறும் என்பது. ஆண்டுக்கணக்கில் கிடக்கும் வண்டிக்கு இது உண்மை. அதற்குத் தனி ஏற்பாடுகள் வேண்டும். ஐந்தாறு மாத ஓய்வுக்கு, புதிய எண்ணெய் ஊற்றி நிறுத்திய எஞ்சினின் உட்பரப்புகளில் படலம் தங்கும். அசைவுதான் வேண்டுமென்றால் முழு அசைவாகவே கொடுங்கள்: அரை மணி, முக்கால் மணி நேரம் சாலையில் சுமையோடு ஓட்டினால் எண்ணெய் முழுச் சூட்டை எட்டும், ஈரம் வெளியேறும், டயரும் பிரேக்கும் சேர்ந்து பயன்பெறும். அது நல்ல யோசனை என்பதை நானும் ஏற்கிறேன். ஆனால் பலரால் முடியாது. பிரிட்டனில் சாலையில் ஓட்டுவதில்லை என்று அறிவித்து வரியை நிறுத்திய வண்டியையும், ஜெர்மனியில் பருவகால எண்பலகை பெற்ற வண்டியையும் அந்தக் காலத்தில் பொதுச் சாலைக்கு எடுத்துவர முடியாது. ஓட்ட முடியாத குறையைத் தீர்க்கத்தான் முற்றத்து ஐடிலிங் வந்தது. முழு ஓட்டத்தின் பயன் ஒன்றுகூட அதில் கிடைப்பதில்லை. குளிர்ந்த ஸ்டார்ட்டின் தேய்மானம் மட்டும் முழுதாகக் கிடைக்கிறது. ஓட்ட முடியாதென்றால் தொடாமல் விடுவதே மேல்.

தொடாமல் விடுவதற்கு முன்னேற்பாடு வேண்டும். நிறுத்துவதற்கு முந்திய கடைசிப் பயணம் நீண்ட நெடுஞ்சாலை ஓட்டமாக இருந்தால் டிபிஎஃப் கரியை எரித்து முடிக்க வாய்ப்புக் கிடைக்கும். எண்ணெயை வசந்தத்தில் மாற்றுவதைவிட நிறுத்துமுன் மாற்றுவது நல்லது. அமிலமேறிய பழைய எண்ணெய் குளிர்காலம் முழுக்க உள்ளே கிடக்காது. ஐரோப்பிய டீசலில் தாவர எண்ணெய் வழி வந்த எரிபொருள் 7 சதவீதம் வரை கலந்திருக்கலாம். அது ஈரத்தை ஈர்க்கும் தன்மையுள்ளது. டேங்கை நிரப்பி வைத்தால் ஈரக்காற்று நுழைய இடம் குறையும். நீர்ப்பிரிப்பானை வடித்துவிட வேண்டும். எஞ்சின் பேட்டரிக்குத் தானியங்கிப் பராமரிப்புச் சார்ஜரோ சிறு சூரியத் தகடோ போதும். இரண்டும் இல்லாத இடத்தில் பேட்டரி இணைப்பைத் துண்டிக்கலாம். டெஃப் உள்ள வண்டியில் எஞ்சினை நிறுத்தியதும் பம்பு குழாயிலுள்ள கரைசலைத் தொட்டிக்குத் திருப்ப அவகாசம் கொடுத்து, கையேடு சொல்லும் நேரம் காத்திருந்து துண்டிக்க வேண்டும். இல்லையேல் குழாயில் யூரியா படிகமாகும். குளிர்காலம் முழுக்க ஸ்டார்ட் செய்து செய்து எரிக்கும் டீசலையும், வசந்தத்தில் பணிமனைக்குக் கொடுக்கும் பணத்தையும் எண்ணிப் பார்த்தால் இவை பெரிய செலவல்ல.

இது தொலைநாட்டு உல்லாச வண்டிகளுக்கு மட்டுமான செய்தியும் அல்ல. இந்தியாவில் 2020 ஏப்ரல் 1 முதல் நடப்பிலுள்ள பிஎஸ்-6 விதி இங்குள்ள டீசல் கார்களுக்கும் அதே கரி வடிகட்டியைக் கொண்டுவந்துவிட்டது. வெளியூர் போகும்போது வாரம் ஒருமுறை வண்டியை ஸ்டார்ட் செய்துவிடும்படி பக்கத்து வீட்டாரிடம் சாவி கொடுத்துவிட்டுப் போகும் வழக்கமும் இங்கு உண்டு. எந்த நாட்டில் நின்றாலும் டீசல் வண்டிக்குச் சொல்ல வேண்டியது ஒன்றுதான்: ஓட்டுவதானால் சூடேறும்வரை சாலையில் ஓட்டுங்கள், இல்லையென்றால் பேட்டரியைப் பராமரித்துவிட்டு எஞ்சினைத் தொடாதீர்கள். விளக்கு எரிந்தால் அழிக்கும் பொத்தானை அழுத்துமுன் மல்டிமீட்டரை எடுங்கள், குறியீட்டை எழுதிவையுங்கள்.